நாலாவது வீட்டுக்கு யார்?

பாப்பா,

காலையில் நீ போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்தபோதுகூட அடுப்பை உங்கப்பா வந்துதான் அணைத்தார். உன் குரலில் பயம் இருந்தது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெற்றவள் இப்படி இருக்கலாமா என்று நீ கேட்பாய். இருக்கலாம். வங்கதேசத்தில் அவ்வளவு பெரிய அகதி முகாமில் ஒரு பகுதி முழுவதையும் உன் பொறுப்பில் விடுகிறோம், தண்ணீர், அரிசி, கழிப்பறை, விளக்கு, வீடு எல்லாவற்றையும் நீதான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் வரலைன்னு சொல்லிரவா?" என்று என்னிடம் கேட்கிறாய். யாரிடம் வந்து யார் கேட்பது! நான் அதற்குள் பால்காரரிடம் சொல்லிவிட்டேன், எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லிவிட்டேன். ஆனையூரில் இனி சொல்ல ஆள் பாக்கியில்லை.

மார்க்கெட்டுக்குப் போகும்போது ஆட்டோக்காரரிடமும் ஆரம்பித்தேன். "முகாம்னா எம்புட்டுப் பெருசும்மா?" என்று கேட்டார். "அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு வைகையில நிக்குற கூட்டத்தைப் பாத்திருக்கீகளா அண்ணே? அம்புட்டுச் சனமும் வீட்டுக்குப் போகாம அங்கனயே வருசக்கணக்காக் குடியிருந்தா எப்படி இருக்கும்?" என்றேன். மனிதர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "அப்ப தண்ணிக்கு என்னம்மா பண்ணுவாக? வெளிக்குப் போக எங்க போவாக?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார். "அதத்தேன் எம் மக பாக்கப் போறா" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, பாப்பா. இன்னொரு தடவை சொல்ல வாய்ப்புக் கிடைக்காதா என்று இருந்தது.

உங்கப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. "அம்புட்டுத் தூரம் எதுக்கு?" என்று காலையில் முணுமுணுத்தார். மத்தியானம் பார்த்தால், பரணில் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார். சோழவந்தான்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி: "அங்கிட்டு நல்ல வெத்தலை கெடைக்குமா?" நம்மைவிட அவர்கள்தான் வெற்றிலைப் பிரியர்கள் என்று சொன்னேன். அதைக் கேட்ட பிறகு அந்த நாட்டின் மேல் அவருக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை நீ பதில் சொல்ல வேண்டும். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கத்துவேன், உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பயம் எதில் என்று எனக்குப் புரிந்தது. வேலை அதிகம் என்பதில் இல்லை, நீ வேலைக்கு அஞ்சுகிறவள் கிடையாது. மழைக்கு முன்னால் மலைச்சரிவில் இருக்கிற குடும்பங்களைக் கீழே புது இடத்துக்கு மாற்றியாக வேண்டும், மண் சரிந்தால் உயிர் போகும். "யார எங்க வைக்கணும்னு நான் எப்படிம்மா முடிவு பண்ணுவேன்? நான் யாரு அதச் சொல்ல? தப்பாப் போச்சுன்னா அவங்கதான காலம்பூரா அங்க கெடக்கணும்?" என்று கேட்டாய். இந்தக் கேள்விக்குப் பதிலாக உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் நடந்தது. இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களும் இங்கே வந்து பிறந்தவர்களுமாக, தகரக் கூரைக்குக் கீழே ஒரு தலைமுறையை ஓட்டிவிட்ட சனங்களுக்கு, முகாமுக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் வீடு கட்டி முடித்திருந்தார்கள். நாலு வீடு சேர்ந்தது ஒரு கட்டு. சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும், முன்னால் பொதுவாக ஒரு முற்றம், அதில் ஒரு குழாய். முகாமுக்குப் பொறுப்பான வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., நான். எந்த வீடு யாருக்கு என்று ஒதுக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. உன் முகாமின் ஒரு சந்துக்குக் காணாது என் முகாம், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த பயம் உன்னுடையதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

குலுக்கல்தான் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வாடிப்பட்டிப் பக்கம், ஊரைத் தாண்டி இருந்த எங்கள் காலனிக்கு மனைப் பட்டா கொடுத்தபோது, ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு வேண்டப்பட்டவர்களுக்கு மேட்டு மனை கிடைத்தது, வாயில்லாத சனத்துக்குப் பள்ளம் கிடைத்தது. உன் அம்மாச்சி வீடு பள்ளத்தில். வாய்க்கால் நிரம்பினால் முதலில் நனைவது எங்கள் அடுப்புத்தான். அன்றைக்கு ஒரு பானையில் சீட்டைப் போட்டுக் குலுக்கியிருந்தால் எங்களுக்கும் மேடு விழுந்திருக்குமே என்று நான் நினைக்காத மழைக்காலம் கிடையாது. அதனால் பானையும் சீட்டும் எனக்குச் சாமி மாதிரி. சிபாரிசு செல்லாது, முகத்தாட்சண்யம் செல்லாது, நாளைக்கு ஒருவரும் என்னைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

அறிவிப்பு ஒட்டின பசை காயவில்லை, பெண்கள் கூட்டமாக அலுவலகத்துக்குள் வந்துவிட்டார்கள். முன்னால் தவமணி. தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள், வாயும் கத்தரிக்கோல்தான். மதுரைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் கோபம் வந்தால் அவளுக்கு அவள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "குலுக்கினா ஆளுக்கொரு மூலையாச் சிதறிப் போவம், மேடம். நான் மெஷின்ல இருக்கேக்க என்ர பிள்ளையப் பக்கத்து வீட்டுக்காரிதான் பாக்கிறா. அவவின்ர கண் தெரியாத தாயை நான் பாக்கிறன். நீங்கள் பானையக் குலுக்கினா இதெல்லாம் ஆர் பாக்கிறது?" நான் விடவில்லை. "குலுக்கல்தாம்மா நியாயம். நாளைக்கு ஒருத்தரும் என்னைய ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுல்ல?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களை ஒருத்தரும் சொல்ல மாட்டினம், சரி. ஏற்கெனவே ஒருக்காச் சிதறித்தானே இங்க வந்தனாங்கள். இன்னொருக்காவும் சிதறணுமோ?" என்றாள்.

அன்று சாயங்காலமே அறிவிப்பை மாற்றினேன். யார் யாரோடு ஒரே கட்டில் இருப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், நாலு குடும்பம் சேர்ந்து ஒரு குழுவாக வரட்டும், எந்தக் குழுவுக்கு எந்தக் கட்டு என்பதை மட்டும் பானை சொல்லட்டும். அடேயப்பா, அடுத்த வாரம் முழுக்க முகாம் கல்யாண வீடாகிவிட்டது! ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சம்பந்தம் பேசப் போவது போலப் போய்வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டவர்கள்கூட உண்டு. வருஷக்கணக்காக முகம் பார்க்காத அக்காளும் தங்கையும் குழாயடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுததை நானே பார்த்தேன். "எங்க கட்டுக்கு வாங்க, எங்க வீட்டுல டிவி பெருசு" என்று ஆசை காட்டினவர்களும் இருந்தார்கள். நான் தினமும் வேலைக்கு ஓட்டமாக ஓடினேன். உங்கப்பா என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சில குழுக்களில் மூன்று வீடுதான் சேர்ந்தது, நாலாவது இடம் காலி. இன்னொரு பக்கம், எந்தக் குழுவிலும் சேராமல் மூன்று குடும்பங்கள் நின்றன. ஒருவர் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர். இன்னொருவர் யாரோடும் பேசாத தனிக்கட்டை. மூன்றாவது யோகராணி. அவளைப் பற்றி உன்னிடம் நிறையப் புலம்பியிருக்கிறேன். யோகராணி மனு எழுதாத விஷயம் முகாமில் இல்லை. குழாய் ஒழுகினால் மனு, பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்துக்கு மனு, அந்தோனியின் ஆடு வாசலில் புழுக்கை போட்டதற்கு மனு, மனுவுக்குப் பதில் தாமதமானால் என் மேல் மனு. ஆனால் அவள் புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. இவள் பூ மார்க்கெட்டில் வேலை பார்த்தால்தான் அடுப்பெரியும். படுத்தே கிடப்பவரை மத்தியானம் ஒரு தடவையாவது புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டதால், இவள் வேலைக்கு நடுவில் பஸ் பிடித்து ஓடி வந்து, புரட்டிவிட்டுத் திரும்ப ஓடுவாள். மேஸ்திரி, இப்படியே போனால் நின்றுகொள் என்று சொல்லியிருந்தான்.

மூன்று வீட்டுக் குழுக்களிடம் போய் யோகராணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். ஒரு குழு, நாலாவது வீட்டில் நூலகம் வைக்கப் போகிறோம் என்றது. அவர்களில் ஒருவர் கையிலும் அதுவரை புத்தகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அலுப்பாகிவிட்டது. கோடியில் ஒரு கட்டு உபரியாகக் கிடந்தது. அதில் மூவரையும் போட்டுவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் நீ ஒடிசாவிலிருந்து கூப்பிட்டாய். அங்கே புயல் நிவாரண வேலையில் இருந்தாய், ஞாபகம் இருக்கிறதா?

"எல்லாரும் சேந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாய். "ஜோராச் சேந்துட்டாக. மூணே மூணு வீடுதான் மிச்சம். அவுகளக் கடைசிக் கட்டுல போட்டுட்டேன்" என்றேன். "கடைசிக் கட்டு எங்க இருக்கு?" "சாக்கடை ஓரமா, பழைய கக்கூஸ் பக்கம்." நீ கேட்டாய்: "யாரும் வேணாம்னு சொன்னவங்கள எல்லாம் ஊர்க் கடைசியில ஒரே எடத்துல கொண்டு வச்சா, அதுக்கு அம்மாச்சி ஊர்ல என்னம்மா பேரு?"

"ஏண்டி, ஒனக்கு அங்கிட்டு வேலையே இல்லையா? எம் பொழப்ப நான் பாத்துக்குறேன், நீ ஒம் பொழப்பப் பாரு" என்று போனை வைத்துவிட்டேன். நீயும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அம்மாவுக்குக் கோபம் என்று விட்டுவிட்டாய். கோபம்தான், ஆனால் உன் மேல் இல்லை. காலனி என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குக் காது சுடும். அந்தக் காலனியிலிருந்து படித்து மேலே வந்தவள், கையெழுத்துப் போடுகிற அதிகாரம் வந்ததும், சாக்கடை ஓரத்தில் புதிதாக ஒரு காலனி கட்டிவிட்டேன். யாருடைய சிபாரிசும் இல்லாமல், ரொம்ப நியாயமாக, அவரவர் இஷ்டப்படியே. அவமானமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அடுத்த நிமிஷமே என் மூளை பரபரவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. அப்படியொரு பரபரப்பு என் உத்தியோகக் காலத்தில் எனக்கு வந்ததே இல்லை.

தாசில்தாரிடம் போய் என் யோசனையைச் சொன்னேன். "இது ரூல்ல இருக்காம்மா?" என்றார். "இருக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல சார்" என்றேன். சிரித்துவிட்டு, "பிரச்சனை வந்தா எனக்குத் தெரியாது" என்றார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

குலுக்கல் நாள் காலையில் பந்தல் போட்டு, மைக் கட்டி, முகாமே கூடியிருந்தது. பானை மேஜை மேல் இருந்தது. மைக்கை வாங்கிக்கொண்டு சொன்னேன்: "ஒரு அறிவிப்பு. மூணு வீடா இருக்குற குழு, மிச்சமா இருக்குற மூணு குடும்பத்துல ஒண்ண நாலாவதாச் சேத்துக்கிட்டா, அந்தக் குழுவுக்குக் குலுக்கல் கெடையாது. எந்தக் கட்டு வேணும்னு நீங்களே மொதல்ல எடுத்துக்கலாம். ரோட்டோரமா, வேப்பமரத்தடியா, ஒங்க இஷ்டம்." முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பந்தல் கிடுகிடுத்தது. நூலகக்காரர்கள் புத்தகத்தை எல்லாம் மறந்துவிட்டு ஓடிவந்து தனிக்கட்டையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "குடிக்காதப்ப தங்கமான மனுசன்" என்று இன்னொருவருக்கும் ஆள் கிடைத்தது. மீதிக் குழுக்கள் எல்லாம் யோகராணியைச் சூழ்ந்துகொண்டன. "அக்கா, எங்களோட வாங்கோ!" "அக்கா, நாங்கதான மொதல்ல கேட்டோம்!" நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன்.

யோகராணி எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படாது. "நேற்று வரைக்கும் நான் ஆகாதவள். இண்டைக்கு வேப்பமரத்துக்காக அக்காவோ?" என்றாள். "என்னை ஒருத்தரும் சேர்க்க வேண்டாம். நான் பொல்லாதவள்தான். ஆனா மத்தியானத்தில என்ர மனுசனைப் பிரட்டிப் படுக்க வைக்க ஆர் வருவியள்? வாறவை மட்டும் கையைத் தூக்குங்கோ." சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். குறை சொல்ல முடியாது, எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், மத்தியானம் யார் வீட்டில் இருக்கிறார்கள்? என் யோசனை தரையில் விழுந்து உடைந்ததைப் போல இருந்தது. இடத்தைக் கொடுத்து நான் அவளுக்கு அக்கம்பக்கத்தை வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

பந்தலின் பின்பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அந்தோனி. அவளுடைய மனுக்களில் பாதிக்கு எதிரி அவன்தான். இரண்டு மச்சான்மார்களோடு மூன்று வீட்டுக் குழுவாக இருந்தவன், கூட்டம் அவளை மொய்த்தபோது கிட்டவே வரவில்லை. "நான் ஆட்டோட வீட்டிலதான் நிக்கிறன். மத்தியானம் நான் வாறன். ஆனா அக்கா, என்ர ஆட்டுக்கு மேல மனுப் போடப்படாது" என்றான். யோகராணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆடு என்ர வாசல்ல புழுக்கை போட்டா நான் போடுவன்" என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். மச்சான்மார்களைத் திரும்பிப் பார்த்தான். "சரி, போடுங்கோ" என்றான். சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. யோகராணியும் சிரித்தாள். அவளுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தோனி வேப்பமரத்தடிக் கட்டைக் கேட்டு வாங்கினான். ஆட்டுக்குக் குழையும் ஆச்சு, அக்காவின் மனுசனைக் கட்டிலோடு தூக்கி வெளியே போட்டால் நிழலும் ஆச்சு என்றான். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் பந்தலுக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன்.

குடிபோன அடுத்த வாரமே புதுக் குடியிருப்பிலிருந்து எனக்கு முதல் மனு வந்தது. யோகராணிதான். ஆட்டுப் புழுக்கை சம்பந்தமாக. நகல், மாவட்ட ஆட்சியருக்கு. அதைக் கொண்டுவந்து கொடுத்ததே அந்தோனி! "மத்தியானம் அவரைப் பிரட்டப் போகேக்க அக்கா தந்துவிட்டவ" என்றான்.

இந்த உபாயத்தை அப்படியே உன் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போ என்று நான் சொல்லவில்லை. அங்கே வேப்பமரம் இருக்காது. பாஷை வேறு, சனம் கடல், மழை வேறு துரத்தும். என் தாசில்தாரைப் போல அரைச் சிரிப்பில் அனுமதி தருகிற மேலதிகாரி உனக்குக் கிடைப்பாரோ என்னவோ. நீ தவறும் செய்வாய். செய், திருத்திக்கொள். அந்தப் புது வீடுகளில்கூடக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலை திருப்தி என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் நானே உள்ளே போய், கதவைக் காலால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்து பார். அதிகாரி என்று கூச்சப்படாதே.

ஆனால் 'நான் யாரு அதச் சொல்ல?' என்று மட்டும் இனிமேல் கேட்காதே. எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு ஒடிசாவிலிருந்து நீ அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், யோகராணி இன்றைக்கும் சாக்கடை ஓரத்தில் இருப்பாள். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியது. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, பெரிய ஆர்.ஐ. பாரு! இப்போது சொல்கிறேன். முகாமே சிரித்த அந்த நாளில், உன் பெயரை யாரும் சொல்லாவிட்டாலும், நீ அந்தப் பந்தலில் இருந்தாய். உன்னை அங்கே அனுப்புகிறவர்களுக்கு உன் படிப்பும் அனுபவமும் தெரியும். இது தெரியாது. எனக்குத் தெரியும், அதனால்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, இன்றைக்கே வாரேன் என்று சொல்லிவிடு. பெட்டி தயாராகிவிட்டது. உங்கப்பா அதற்கு ஒரு பூட்டும் வாங்கி வைத்துவிட்டார். போய்ச் சேர்ந்த அன்றைக்கு நான் போன் பண்ணுவேன். எடுத்தவுடன் எல்லா அம்மாக்களும் கேட்பதைக் கேட்க மாட்டேன். நாலாவது வீட்டுக்கு யாரும் கூப்பிடாத ஆள் அங்கே யார் என்று கேட்பேன். நீ அவருடைய பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

உன் அம்மா